ஆலோசனைக் குழுவின் அறைக் கதவு

கூட்டுறவுச் சங்க அங்கத்தினருக்குக் கூட்டம் என்பது புதிய சங்கதி அன்று. மகாசபை கூடுவதற்கு முன்னதாக நோட்டீஸ் வரவேண்டும். ஆலோசிக்கப்படும் விஷயங்கள் அதில் வரிசையாகக் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். கூட்டம் முடிந்தபின் நடந்தது நடந்தபடியே தீர்மானப் புத்தகத்தில் ஏறவேண்டும். அடுத்த கூட்டத்தில் அது படிக்கப்பட்டு உறுதி செய்யப்பட வேண்டும். இவற்றைக் கையெழுத்திடத் தெரியாத முதியவரும் அறிவர். நோட்டீஸில் இல்லாத விஷயத்தைத் தலைவர் திடீரென எடுத்தால், பின்வரிசையிலிருந்து யாரேனும் ஒருவர் எழுந்து ஆட்சேபிக்காமல் இருப்பதில்லை.

ஆனால் நமது வாழ்வைப் பாதிக்கும் முடிவுகள் யாவும் சங்கக் கட்டடத்திற்குள்ளே செய்யப்படுவதில்லை. நூல் எந்த வடிவில் எவ்வளவு வரும், எந்தத் துணியை விசைத்தறி நெய்யலாம், பருத்திக்கு என்ன விலை, எந்த விதை வயலுக்கு வரலாம் என்பனவெல்லாம் தொலைவிலுள்ள அறைகளில் ஆலோசிக்கப்பட்டு, அரசாணையாக உருவெடுத்து நம்மிடம் வருகின்றன. அவ்வறைகளில் அமர்ந்திருப்பவை பெரும்பாலும் ஆலோசனைக் குழுக்கள். போர்டு என்றும், கவுன்சில் என்றும், நிபுணர் குழு என்றும் அவற்றுக்குப் பெயர்கள் பல.

2019-ஆம் ஆண்டில் ஒரு நெசவாளர் சங்கத்தின் மகாசபையில் அமர்ந்திருந்தேன். நூற்பாலைகள் உள்நாட்டுச் சந்தைக்காகக் கட்டும் நூலில் ஒரு பகுதியைக் கைத்தறிக்கு உரிய சிட்டா நூலாகவே கட்டவேண்டும் என்ற கட்டாயம் உண்டல்லவா? அது ஒரு காலத்தில் நூற்றுக்கு 50 ஆக இருந்தது. 2003-இல் 40 ஆயிற்று. 2019-இன் தொடக்கத்தில் 30 ஆகக் குறைக்கப்பட்டது. அச்செய்தி கூட்டத்தில் சொல்லப்பட்டபோது முதியவர் ஒருவர் எழுந்து, “ஐயா, இப்படிக் குறைக்கச் சொன்னவர் யார்?” என்று வினவினார். “மேலே ஏதோ ஒரு கமிட்டி இருக்கும்” என்றார் மேடையிலிருந்தவர். “அந்தக் கமிட்டியில் நம்மவர் யாராவது உண்டா?” என்று முதியவர் மீண்டும் கேட்டார். ஒருவருக்கும் விடை தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். கூட்டம் அடுத்த விஷயத்துக்குச் சென்றுவிட்டது. அக்கேள்விக்கு விடை தேடும் வழி யாது என்று ஆராய்ந்ததன் பயனே இக்கட்டுரை.

ஆலோசனைக் குழு என்றால் என்ன? அது சட்டம் செய்வதில்லை, ஆணை பிறப்பிப்பதில்லை, பணம் ஒதுக்குவதுமில்லை. அரசு கேட்டால் கருத்துச் சொல்லும். ஏற்பதும் விடுவதும் அரசின் விருப்பம். இவ்வளவுதானே, இதில் மறைக்கவும் திறக்கவும் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். அனுபவம் வேறு விதமானது. அமைச்சருக்குப் படிக்கவேண்டிய கோப்புகள் மலைபோலக் குவிந்திருக்கின்றன. பொருளை அறிந்தவர்கள் என்று கருதப்படுபவர்கள் ஒரு பரிந்துரை எழுதித் தந்தால், பெரும்பாலும் அதுவே ஆணையின் முதற்படியாக ஆகிவிடுகின்றது. பொறுப்பு மட்டும் குழுவுக்கு இல்லை. “நாங்கள் சொன்னது ஆலோசனைதானே” என்று குழு சொல்லும். “நிபுணர்கள் சொன்னபடி செய்தோம்” என்று அரசு சொல்லும். இடையில் நிற்கும் நெசவாளன் யாரைக் கேட்பது?

கைத்தறியின் கதையிலிருந்தே ஒன்றை எடுத்துக்கொள்வோம். 1985-ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் கைத்தறிக்கென்று சில துணி வகைகளை ஒதுக்கும் சட்டம் ஒன்றை இயற்றியது. அதன்படி மத்திய அரசு எந்தெந்தத் துணியை ஒதுக்குவது என்று தீர்மானிக்கும் முன் ஓர் ஆலோசனைக் குழுவின் பரிந்துரையைப் பரிசீலிக்க வேண்டும். அதாவது இங்கே குழு வெறும் அலங்காரமன்று. சட்டமே அதற்கு இருக்கை போட்டிருக்கிறது. 1986-இல் 22 வகைகள் ஒதுக்கப்பட்டன. ஆலையும் விசைத்தறியும் வைத்திருந்தோர் வழக்குமன்றம் சென்றார்கள். 1993-இல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. வழக்கில் வென்ற சில ஆண்டுகளில், 1996-இல், 22 வகைகள் 11 ஆகக் குறைந்தன. சேலை, வேட்டி, துண்டு, லுங்கி, சால்வை, சட்டைத் துணி முதலியவற்றோடு ஜமக்காளமும் அப்பதினொன்றில் இடம்பெற்றது. பவானியில் ஜமக்காளத் தறியில் அமர்ந்திருப்பவர், தமது தொழிலின் பெயர் அந்தப் பட்டியலில் நிற்பதும் நீங்குவதும் ஓர் அறையில் நடக்கும் பேச்சைப் பொறுத்தது என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். நீங்கிய வகைகளை நெய்தோர்க்கு அப்பேச்சு என்னவென்று எவரும் வந்து சொல்லவில்லை. வெளிச்சத்தில் நடந்த வழக்குமன்ற வாதங்கள் அச்சாகி எவரும் படிக்கும் நிலையில் உள்ளன. பட்டியலைப் பாதியாக்கிய ஆலோசனை அவ்வாறு எளிதில் கைக்குக் கிட்டுவதில்லை.

அகில இந்தியக் கைத்தறி போர்டின் வரலாறு இன்னும் நெடியது. 1941-இல் அப்போதைய இந்திய சர்க்கார் கைத்தறிகளையும் ஆலைகளையும் பற்றிய உண்மைகளை ஆராய ஒரு குழுவை நியமித்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் பேராசிரியராக இருந்த டாக்டர் பி. ஜே. தாமஸ் அதன் தலைவர். அக்குழுவின் அறிக்கை 1942-இல் வெளிவந்தது. அதையொட்டிக் கைத்தறிக்கென ஒரு போர்டு 1945-இல் தோன்றிச் சில ஆண்டுகளில் மறைந்தது. சுதந்திரத்திற்குப் பின் 1952-இல் மீண்டும் அமைக்கப்பட்டது. அதே காலத்தில்தான் சென்னை ராஜ்யத்தின் முதன்மந்திரியாயிருந்த ராஜாஜி, வேட்டியையும் சேலையையும் கைத்தறிக்கே விட்டுவிட வேண்டும் என்று மத்திய அரசிடம் வாதாடிக்கொண்டிருந்தார். 1953-இல் ஆலைத் துணிக்குக் கஜம் ஒன்றுக்கு மூன்று பைசா வீதம் (அன்றைய பழைய பைசா, அணாவுக்குப் பன்னிரண்டு) கூடுதல் தீர்வை விதித்து, அத்தொகையைக் கதர், கைத்தறி வளர்ச்சிக்குச் செலவிடச் சட்டம் செய்யப்பட்டது. நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் பல அப்பணத்தின் நிழலில் வளர்ந்தவையே.

அந்த போர்டு, பலமுறை உருமாறி, அதிகாரம் தேய்ந்து, ஆலோசனை கூறும் அமைப்பாக மட்டும் நின்று, 2020-ஆம் ஆண்டு ஜூலை 27-ஆம் தேதியிட்ட தீர்மானத்தால் கலைக்கப்பட்டது. ஒரு வாரத்தில், ஆகஸ்டு 3-ஆம் தேதி, கைவினைப் பொருள் போர்டும் கலைக்கப்பட்டது. குறைந்த அளவு அரசாங்கம், நிறைந்த அளவு நிர்வாகம் என்ற கொள்கைப்படி செய்ததாக அரசு காரணம் கூறியது. ஆகஸ்டு 7-ஆம் தேதி, 2015 முதல் நடந்துவருவதுபோல், தேசியக் கைத்தறி நாளும் கொண்டாடப்பட்டது.

கலைப்பைக் கண்டித்தவர்களுள் தஸ்த்கார் அமைப்பைச் சேர்ந்த லைலா தியாப்ஜி ஒருவர். அந்த போர்டு எவ்வளவுதான் நீர்த்துப்போயிருந்தாலும், நெசவாளர்களும் கைவினைஞர்களும் தங்கள் கருத்தை அரசிடம் நேரே சொல்லக்கூடிய ஓர் அதிகாரபூர்வமான மேடை அதுவே என்பது அவரது வாதம். அதில் நியாயம் உண்டு. ஆயினும் ஒன்றை நாம் மறைக்கலாகாது. போர்டு கலைந்த செய்தியைப் பத்திரிகையில் படித்த நமது அங்கத்தினர்களில் மிகப் பலருக்கு, அப்படி ஒரு போர்டு இருந்ததே அன்றுதான் தெரியவந்தது. இருந்த நாளில் அது என்ன ஆலோசித்தது, நம் மாகாணத்தின் சார்பில் அதில் யார் அமர்ந்தார், அவர் என்ன பேசினார் என்பவை நமக்கு வந்து சேரவில்லை, நாமும் கேட்கவில்லை. வாசல் தெரியாத வீடு இடிந்தால் தெருவார் ஓடிவருவதில்லை. போர்டின் கூட்டக் குறிப்புகள் ஆண்டுதோறும் சங்கங்களுக்கு வந்து மகாசபையில் படிக்கப்பட்டிருந்தால், அதைக் கலைப்பது அவ்வளவு சுலபமாக இருந்திராது என்பது என் கருத்து.

நிற்க. கேட்பதற்கு உரிமை உண்டா? உண்டு. தமிழ்நாட்டில் 1997-லேயே தகவல் உரிமைக்கென ஒரு சட்டம் வந்தது. ஆனால் அதில் விலக்குகளின் பட்டியல் நீண்டது. நாடு முழுவதற்குமான தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இல் இயற்றப்பட்டு, அவ்வாண்டு அக்டோபர் 12 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. இச்சட்டம் வந்த வழியில் ராஜஸ்தானத்து உழைப்பாளிகளின் பங்கு பெரிது. 1994 டிசம்பரில் பாலி மாவட்டத்தில் கோட் கிரானா என்ற ஊரில், மஜ்தூர் கிசான் சக்தி சங்கட்டன் என்ற அமைப்பினர், அரசு வேலைக் கணக்குகளை ஊரார் கூட்டத்தில் உரக்கப் படித்தார்கள். வேலை செய்யாதவர் பெயரில் கூலி எழுதப்பட்டிருந்ததை ஊராரே கேட்டு அறிந்தனர். ஏட்டைப் படித்துக் காட்டியது ஒன்றே அங்கு நடந்த புரட்சி.

அச்சட்டத்தின் நான்காம் பிரிவை நாம் கவனிக்கவேண்டும். ஒவ்வோர் அரசு அமைப்பும், யாரும் மனுச் செய்யாமலே, தானாகவே வெளியிடவேண்டிய விவரங்கள் பதினேழு அதில் கூறப்பட்டுள்ளன. அவற்றுள் எட்டாவது நமக்கு உரியது. இரண்டு அல்லது அதற்கு மேற்பட்டோர் அடங்கிய போர்டுகள், கவுன்சில்கள், குழுக்கள் முதலியவை அந்த அமைப்பின் பகுதியாகவோ அதற்கு ஆலோசனை கூறுவதற்காகவோ அமைக்கப்பட்டிருந்தால், அவற்றின் பட்டியலை வெளியிட வேண்டும். அவற்றின் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவையா, அல்லது அக்கூட்டங்களின் நடவடிக்கைக் குறிப்புகள் மக்களுக்குக் கிடைக்குமா என்பதையும் தெரிவிக்க வேண்டும்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. அவசரத்தில் படித்தால் தவறிவிடும. கூட்டம் திறந்தே நடக்கவேண்டும் என்று சட்டம் கட்டளையிடவில்லை. திறந்ததா மூடியதா என்பதைச் சொல் என்றுதான் கட்டளையிடுகிறது. “இல்லை, மூடியது” என்று ஓர் அலுவலகம் ஒரே சொல்லில் எழுதிவிட்டால் இப்பிரிவைப் பொறுத்தவரை அதன் கடமை தீர்ந்தது. ஆகையால் இது கதவைத் திறக்கும் சாவி என்று பெருமைப்படுவது மிகை. கதவு எங்கே இருக்கிறது என்று காட்டும் பலகை என்று சொல்லலாம். ஆனால் பலகையும் வேண்டியதுதான். குழு இருப்பதே தெரியாதவன் அதன் குறிப்பைக் கேட்பது எங்ஙனம்?

சாவி வேறிடத்தில் இருக்கிறது. “தகவல்” என்பதற்கு அச்சட்டம் தரும் விளக்கத்தில் பதிவேடு, ஆவணம், சுற்றறிக்கை என்பவற்றோடு கருத்துரைகளும் ஆலோசனைகளும் வெளிப்படையாகவே சேர்க்கப்பட்டுள்ளன. எனவே “இது வெறும் ஆலோசனை, தகவல் அன்று” என்று எவரும் கூறித் தப்ப இயலாது. மேலும் அதே நான்காம் பிரிவில், மக்களைப் பாதிக்கும் முக்கியக் கொள்கைகளை வகுக்கும்போதும் முடிவுகளை அறிவிக்கும்போதும் தொடர்புள்ள உண்மைகள் யாவற்றையும் வெளியிட வேண்டும் என்றும், பாதிக்கப்பட்டவர்க்கு நிர்வாக முடிவுகளின் காரணங்களைத் தர வேண்டும் என்றும் விதிகள் உள்ளன. சிட்டா நூலின் அளவு குறைந்ததால் பாதிக்கப்பட்டவர் நாமல்லாமல் வேறு யார்?

விலக்குகளும் உண்டு. வாணிக ரகசியத்தை வெளியிட மறுக்கலாம். ஆனால் பொதுநலன் பெரிதெனக் கண்டால் அதையும் தர வேண்டும். அமைச்சரவைக்குச் செல்லும் தாள்களை மறுக்கலாம். ஆனால் முடிவு செய்யப்பட்டு அவ்விஷயம் நிறைவேறிய பிறகு முடிவையும் அதன் காரணங்களையும் அதற்கு ஆதாரமான தாள்களையும் வெளியிட வேண்டும். ஒரு தாளின் ஒரு பகுதி விலக்குக்கு உட்பட்டதாயிருந்தால், அப்பகுதியை மட்டும் நீக்கி எஞ்சியதைத் தர வேண்டும். முழுக் குறிப்பையும் மறுக்க ஒற்றைப் பத்தியைக் காரணம் காட்டும் வழக்கம் இருப்பதால் இதை அங்கத்தினர் நினைவில் வைப்பது நன்று.

வெளிப்படையாயிருப்பதால் என்ன லாபம் என்று கேட்பவர்க்கு விவசாயிகள் பக்கத்திலிருந்து ஓர் உதாரணம் தரலாம். நெல், பருத்தி முதலிய பயிர்களுக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலையைப் பரிந்துரைப்பது வேளாண் செலவு மற்றும் விலைகள் ஆணையம். 1965 ஜனவரியில் வேளாண் விலை ஆணையம் என்ற பெயரில் தொடங்கி, 1985-இல் இப்பெயர் பெற்றது. இதுவும் ஆலோசனை கூறும் அமைப்பே. விலையை அறிவிப்பது மத்திய அரசு. ஆனால் இதன் அறிக்கைகள் வெளியிடப்படுகின்றன. ஒவ்வொரு பயிருக்கும் செலவு எவ்வாறு கணக்கிடப்பட்டது என்பது அவற்றில் விரிவாக உள்ளது. விவசாயி கையிலிருந்து கொடுத்த செலவு ஒரு வகை. அதோடு குடும்பத்தார் உழைப்புக்கு மதிப்புப் போட்டுச் சேர்த்தது இன்னொரு வகை. சொந்த நிலத்தின் குத்தகை மதிப்பையும் முதலின் வட்டியையும் அவற்றுடன் சேர்த்தது மூன்றாம் வகை.

2018-19 வரவு செலவுத் திட்டத்தில், செலவைப் போல் ஒன்றரை மடங்கு விலை தரப்படும் என்று அறிவிக்கப்பட்டபோது, எந்தச் செலவைப் போல் என்ற கேள்வி உடனே எழுந்தது. அரசு எடுத்துக்கொண்டது இரண்டாம் வகை என்பதையும், மூன்றாம் வகையை எடுத்திருந்தால் விலை உயர்ந்திருக்கும் என்பதையும் விவசாயிகள் அந்த அறிக்கையின் அட்டவணையிலிருந்தே எடுத்துக்காட்டினார்கள். டாக்டர் எம். எஸ். சுவாமிநாதன் தலைமையில் 2004 முதல் 2006 வரை நடந்த தேசிய விவசாயிகள் ஆணையத்தின் பரிந்துரையைப் பிடித்துக்கொண்டு அவர்கள் வாதாடிவருகிறார்கள். யார் பக்கம் நியாயம் என்பது இருக்கட்டும். வாதம் நடப்பதற்கே அட்டவணை அச்சாகியிருந்ததுதான் காரணம். அதைக் கோப்புக்குள் வைத்திருந்தால் “ஒன்றரை மடங்கு” என்ற சொல் ஒன்றே மிஞ்சியிருக்கும். குறை ஒன்றும் உண்டு: அறிக்கை பொதுவாக விலை அறிவிக்கப்பட்ட பின்னரே வெளிவருகிறது. விருந்து முடிந்தபின் இலையில் என்ன பரிமாறப்பட்டது என்று தெரிவது போன்றது அது.

கத்தரிக்காயின் கதையும் இவ்விடத்தில் கூறத்தக்கது. மரபணு மாற்றிய கத்தரி விதையைச் சாகுபடிக்கு விடலாமா என்று ஆராய்ந்த மத்தியக் குழு, 2009 அக்டோபர் 14-ஆம் தேதி விடலாம் என்றது. விதைக் கம்பெனி செய்த நச்சுத்தன்மைச் சோதனைகளின் விவரங்களை மக்கள் பார்க்க வேண்டும் என்று அதற்கு முன்பே சிலர் தகவல் உரிமைச் சட்டப்படி கேட்டு, மறுப்புகளைத் தாண்டி, வழக்காடி, 2008-இல் அவை வெளிவரச் செய்திருந்தார்கள். அதனால் குழுவில் இல்லாத விஞ்ஞானிகளும் அவற்றைப் படித்துக் கருத்துரைக்க முடிந்தது. அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெயராம் ரமேஷ் குழுவின் சொல்லை அப்படியே ஏற்கவில்லை. 2010 ஜனவரியிலும் பிப்ரவரியிலும் கல்கத்தா, புவனேசுவரம், அகமதாபாத், நாகபுரி, சண்டிகர், ஐதராபாத், பெங்களூர் ஆகிய ஏழு நகரங்களில் திறந்த கூட்டங்கள் நடத்தினார். சுமார் 8,000 பேர் கலந்துகொண்டனர். கூச்சலும் குழப்பமும் இல்லாமல் இல்லை. பிப்ரவரி 9-ஆம் தேதி, விதையை விடுவதை நிறுத்திவைப்பதாக அறிவித்தார். அதற்கான காரணங்களையும் தமக்கு வந்த கடிதங்களையும் சேர்த்து வெளியிட்டார். “ஒப்புதல்” குழு என்றிருந்த அதன் பெயர் அவ்வாண்டிலேயே “மதிப்பீட்டு”க் குழு என்று மாற்றப்பட்டது. மரபணு விதை நல்லதென்போரும் தீதென்போரும் நமது அங்கத்தினரில் உளர். இரு சாராரும் அமைச்சர் ஏன் அவ்வாறு முடிவு செய்தார் என்பதை இன்றும் எடுத்துப் படிக்கலாம். சிட்டா நூலைப் பற்றி அப்படி எடுத்துப் படிக்க நம் கையில் என்ன இருக்கிறது?

கூட்டமே திறந்திருக்க வேண்டும் என்று சட்டம் செய்த நாடும் உண்டு. அமெரிக்காவில் 1972-ஆம் ஆண்டு அக்டோபர் 6-ஆம் தேதி மத்திய ஆலோசனைக் குழுக்களுக்கென்றே ஒரு சட்டம் கையெழுத்தாயிற்று. குழு கூடுவதைப் பதினைந்து நாட்களுக்கு முன்பே அரசிதழில் அறிவிக்க வேண்டும். எவரும் வந்து அமரலாம். எழுத்து மூலம் கருத்துத் தரலாம். விரிவான நடவடிக்கைக் குறிப்பு வைக்க வேண்டும். ஒரு சாராரே நிரம்பாமல் பல திறக் கருத்துடையோரும் குழுவில் இருக்க வேண்டும். புதுப்பிக்காவிட்டால் இரண்டாண்டில் குழு தானே முடிந்துவிடும். கூட்டத்தை மூடுவதானால் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். கேட்க நன்றாகவே இருக்கிறது. ஆனால் தாய்க் குழுவுக்கு மட்டும் அறிக்கை தரும் உபகுழுக்களுக்கு இக்கட்டுப்பாடு பொதுவாகப் பொருந்தாது. ஆகவே வேலையை உபகுழுவில் முடித்துவிட்டுத் தாய்க் குழுவைத் திறந்த அறையில் கூட்டித் தலையசைக்கச் செய்யலாம் என்ற குறை அங்கேயே சொல்லப்படுகிறது. நமது சங்கங்களிலும் டைரக்டர்கள் முதல்நாள் இரவே பேசி முடித்துவிட்டு மறுநாள் மகாசபைக்கு வருவதுண்டு. மனித சுபாவம் கடல் கடந்தாலும் மாறுவதில்லை போலும்.

திறந்த கூட்டத்துக்கு எதிராகச் சொல்லப்படுவதிலும் உண்மை உண்டு என்பதை மறுக்கக்கூடாது. மூடிய அறையில் ஓர் அதிகாரி தம் இலாகாவின் தவற்றை ஒப்புக்கொள்வார். வெளியார் எதிரில் வாய் திறக்க மாட்டார். நூல் கொள்முதலைப் பற்றிய பேச்சு முன்கூட்டியே கசிந்தால் பதுக்கல்காரனுக்கே லாபம். திறந்த கூட்டத்தில் உரக்கப் பேசுபவரும் பயணச் செலவுக்கு வசதியுள்ளவருமே வந்து நிரம்புவர். தறிக்குழியிலிருந்து எழுந்து டில்லிக்குச் செல்ல யாரால் முடியும்? இவற்றை எண்ணும்போது, எல்லாக் கூட்டங்களிலும் எவரும் வந்து உட்காரலாம் என்பதைவிட, என்ன ஆலோசிக்கப்போகிறார்கள் என்பது முன்னரும், என்ன ஆலோசித்தார்கள் என்பது பின்னரும், நம் மொழியில் நம் ஊருக்கு வந்து சேருவதே முதல் தேவை என்று எனக்குத் தோன்றுகிறது. கூட்டத்தில் அமர்வதற்கு ரயில் ஏற வேண்டும். குறிப்பைப் படிக்கச் சங்கத்து விளக்கே போதும்.

இவ்வளவும் அரசைக் கேட்கும் நாம் நம் வீட்டையும் பார்க்கவேண்டும். 2013 அக்டோபர் 7-ஆம் தேதி, கேரளத்தின் தலப்பலம் கூட்டுறவு வங்கி வழக்கில், கூட்டுறவுச் சங்கங்கள் அரசு தரும் கணிசமான நிதியில் நடப்பவையாகவோ அரசின் முழுக் கட்டுப்பாட்டில் உள்ளவையாகவோ இல்லாத வரை தகவல் உரிமைச் சட்டத்துக்கு நேரடியாக உட்பட்டவை அல்ல என்று உச்ச நீதிமன்றம் கூறியது. ஆயினும் பதிவாளர் சட்டப்படி பெறக்கூடிய விவரங்களை அவர் மூலம் கேட்டுப் பெறலாம் என்றும் கூறியது. முதற்பாதியை மட்டும் மனப்பாடம் செய்துகொண்ட காரியதரிசிகள் சிலரை நான் அறிவேன். தன் சங்கத்தின் தீர்மானப் புத்தகத்தைப் பார்க்க அங்கத்தினன் பதிவாளர் அலுவலகத்துப் படியேற வேண்டுமென்றால் அது அந்தச் சங்கத்துக்கு அழகன்று.

இனி, கேட்கும் முறை. மனுவைச் சங்கத்தின் பெயரில் அனுப்பாமல் ஓர் அங்கத்தினர் தம் சொந்தப் பெயரில் அனுப்புவது நலம். ஏனெனில் சட்டம் இவ்வுரிமையைக் குடிமக்களுக்கே கொடுத்துள்ளது. தமிழிலேயே எழுதலாம். எதற்காகக் கேட்கிறீர் என்று அதிகாரி வினவக்கூடாது. மத்திய அரசு அலுவலகமானால் கட்டணம் 10 ரூபாய், அஞ்சல் ஆணையாக அனுப்பலாம். வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளவர்க்குக் கட்டணமில்லை. தவறான அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டாலும் கவலையில்லை. ஐந்து நாட்களுக்குள் உரிய இடத்துக்கு மாற்றுவது அவர்கள் கடமை. 30 நாட்களுக்குள் விடை வரவேண்டும். வராவிட்டாலோ மறுத்தாலோ 30 நாட்களுக்குள் அதே இலாகாவின் மேலதிகாரிக்கும், அதுவும் பயன்படாவிட்டால் 90 நாட்களுக்குள் தகவல் ஆணையத்துக்கும் மேல்முறையீடு செய்யலாம். ஆணையத்தில் காத்திருப்பு நெடியது என்பதை முன்னதாகவே சொல்லிவிடுகிறேன், பொறுமை வேண்டும். காரணமின்றித் தாமதிக்கும் அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை தண்டம் விதிக்கவும் சட்டத்தில் இடமுண்டு.

கேள்வி குறுகியதாயும் தாளைக் குறிப்பதாயும் இருக்கவேண்டும். “ஏன் எங்களை வஞ்சித்தீர்கள்?” என்று எழுதினால் அது தகவல் அன்று என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். அந்த மகாசபையில் முதியவர் கேட்ட கேள்வியையே மனுவாக எழுதினால் பின்வருமாறு அமையும். விரும்பும் அங்கத்தினர் இதைப் படியெடுத்துக்கொள்ளலாம்.

“மும்பை ஜவுளி ஆணையர் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலர் அவர்களுக்கு. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன் கீழ் மனு. நூற்பாலைகள் சிட்டா நூலாகக் கட்டவேண்டிய அளவு நூற்றுக்கு 40-லிருந்து 30 ஆகக் குறைக்கப்பட்டது தொடர்பாக: இதைப் பற்றி ஆலோசனை கூற ஏதேனும் குழு அமைக்கப்பட்டிருந்தால், அதனை அமைத்த ஆணையின் நகல், அக்குழு உறுப்பினரின் பெயரும் அவர் எவரது பிரதிநிதி என்பதும் கொண்ட பட்டியல், அக்குழு கூடிய தேதிகளும் ஒவ்வொரு கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பின் நகலும், அக்குழு அளித்த பரிந்துரையின் நகல், நெசவாளர் சங்கங்களிடமிருந்து கருத்துக் கேட்கப்பட்டிருந்தால் அக்கடிதங்களும் வந்த விடைகளும், குழு எதுவும் அமைக்கப்படவில்லையாயின், இம்முடிவுக்கு ஆதாரமான கோப்புக் குறிப்புகளின் நகல். ஏதேனும் ஒரு பகுதி விலக்குக்கு உட்பட்டதெனக் கருதினால் அதை நீக்கி எஞ்சிய பகுதியை வழங்கவும். கட்டணம் 10 ரூபாய்க்கான அஞ்சல் ஆணை இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது.”

இதன் கீழே பெயர், முழு விலாசம், தேதி, கையொப்பம். மனுவின் நகல் ஒன்றைச் சங்க அலுவலகத்தில் வைத்துக்கொண்டு, தபாலில் அனுப்பிய ரசீதை அதோடு இணைத்துவிடவும். முப்பது நாள் கணக்கிடுவதற்கு அந்த ரசீது தேவைப்படும்.